மனு வாங்கும் சாட்பாட்டா, கருத்துத் தளமா, கிராம சபைக் குறிப்பா: எதை முதலில் கொண்டுவரலாம்?

திங்கட்கிழமை காலையில் வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் பக்கம் போனால் கையில் மனுவோடு நிற்பவர்களைப் பார்க்கலாம். குடியாத்தம், அணைக்கட்டு, கே.வி.குப்பம் என்று பல ஊர்களிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். உள்ளாட்சியில் இவர்கள் குரல் ஏற ஏஐ உதவுமா என்ற பேச்சில் மூன்று வழிகள் அடிபடுகின்றன.

முதலாவது, வாட்ஸ்அப்பில் புகார் வாங்கும் சாட்பாட், அதாவது ஆள் இல்லாமல் தானே பேசும் மென்பொருள். தமிழில் பேசினாலே போதும், எந்தத் துறை என்று அதுவே பிரித்து அனுப்பும். ஒரே தெருவிலிருந்து நாற்பது பேர் சொன்னதும் ஒரே குழாய் உடைப்புதான் என்று கண்டுபிடிக்கும். தெருவிளக்கு, குப்பைக்கு நல்ல வழி. ஆனால் போனில் புகார் சொல்ல முதல்வரின் 1100 உதவி எண் ஏற்கெனவே இருக்கிறது. இது அதையே இன்னும் வேகமாகச் செய்யும், அவ்வளவுதான். ஊர்ப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று சாட்பாட் யாரையும் கேட்காது.

இரண்டாவது, போல்.இஸ் (Pol.is) போன்ற இணையக் கருத்துத் தளம். 2015இல் தைவானில் ஊபர் வாடகைக் கார்களை எப்படி ஒழுங்குபடுத்துவது என்ற விவகாரத்துக்கு இதைப் பயன்படுத்தினார்கள். ஒருவர் கருத்தை எழுத, மற்றவர்கள் ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், தாண்டிப் போகலாம். பதில் எழுத இடமில்லாததால் சண்டை மூளாது. எதிரெதிர் அணிகளும் சேர்ந்து ஏற்கும் கருத்துகளைக் கணினி எடுத்துக் காட்டும். வேலூர் மாநகராட்சியின் 60 வார்டுகளுக்கு இது பொருந்தும். லாங்கு பஜாரில் கடைக்காரர், தள்ளுவண்டிக்காரர், நடந்து போகிறவர் மூவரும் எதில் ஒத்துப்போவார்கள் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் ஸ்மார்ட்போன் இல்லாத தள்ளுவண்டிக்காரரின் கருத்தை வார்டு அளவில் யாராவது நேரில் போய்க் கேட்டுப் பதிய வேண்டும்.

மூன்றாவதுதான் என் தேர்வு: கிராம சபைப் பேச்சைப் பதிவு செய்து நடவடிக்கைக் குறிப்பாக மாற்றுவது. மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2025 ஆகஸ்ட்டில் கொண்டுவந்த சபாசார் என்ற ஏஐ கருவி, மத்திய அரசின் பாஷிணி மொழித் தொழில்நுட்பத்தை வைத்து இதைத்தான் செய்கிறது.

ஏன் இது? காட்பாடி பக்கத்து ஊர் ஒன்றில் மே 1 கிராம சபையில் உட்கார்ந்திருந்தேன். ஓர் அம்மா எழுந்து, "டேங்க்ல தண்ணி ஏத்துறாங்க. எங்க தெரு வால்வை மட்டும் கால் மணி நேரம்தான் தொறக்குறாங்க, நாலு குடம் நிரம்பல" என்றார். எந்த வால்வு, எத்தனை நாளாக, எல்லாம் சொன்னார். தீர்மானப் புத்தகத்தில் ஏறியது: "குடிநீர் வசதி குறித்து விவாதிக்கப்பட்டது." அந்தக் கால் மணி நேரம் காணாமல் போய்விட்டது. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் சபை செல்லும். கையெழுத்துக்கு 100 பேரைத் திரட்டி, அவர்கள் பேசியதை விட்டுவிட்டால் அது எப்படிக் கிராம சபை ஆகும்?

இதிலும் சிக்கல் உண்டு. எங்கள் பக்கம் "வந்துகினு", "சொல்லிகினு" என்றுதான் பேசுவோம். குடியாத்தம் பக்கம் தெலுங்கு கலக்கும், பேரணாம்பட்டில் உருது. ஸ்பீக்கர் இரைச்சலும் சேர்ந்தால் கணினி எதையாவது தப்பாகப் பிடித்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய கவலை பயம். தலைவரைப் பற்றிக் குறை சொன்னவர் குரல் பதிவில் இருக்கிறது என்றால் அடுத்த முறை எழுந்திருக்கவே தயங்குவார். அதனால் குறிப்பில் பிரச்சினை முழுசாக இருக்கட்டும், பேசியவர் பெயர் அவர் விரும்பினால் மட்டும். குறிப்பு முடிவானதும் ஒலிப்பதிவை அழித்துவிட வேண்டும்.

செலவு என்று பார்த்தாலும் இதுவே குறைவு. ஒரு போன், ஒரு மைக், அப்புறம் கூட்டம் கலையும் முன் குறிப்பை உரக்க வாசிக்கப் பத்து நிமிடம். "கால் மணி நேரம்னு சொன்னேன், அதைப் போடுங்க" என்று அந்த அம்மா அங்கேயே திருத்தட்டும். கையெழுத்து அதற்கு அப்புறம்.