90 நாள் வெற்றி மனப்பான்மை கோர்ஸ் - முழுசா முடிச்சுட்டு எழுதுற ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், இது வாங்கின அன்னைக்கே அஞ்சு ஸ்டார் குத்துற ரிவ்யூ இல்ல. 90 நாளும் முடிச்சு, அதுக்கப்புறம் ஒரு மாசம் ஆறப்போட்டு எழுதுறேன். கோர்ஸ் பேரை போடல, ஏன்னா ரீஃபண்ட் விஷயமா எனக்கும் அவங்களுக்கும் இன்னும் மெயில் போயிட்டு வந்துட்டு இருக்கு, பேரை போட்டா அது தனி பஞ்சாயத்து ஆகும். பேரு தெரியாததால உங்களுக்கு பெரிய நஷ்டமும் இல்ல, இந்த மாதிரி கோர்ஸ் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே அச்சுல வார்த்ததுதான்.

நான் ஏன் வாங்கினேன்னா, வேலைக்கு போயிட்டே ஒரு பரீட்சைக்கு படிக்கிறேன், அதுல காஸ்டிங் (பொருள் தயாரிக்க ஆகிற செலவை கணக்கு போடுறது) பேப்பர்ல மட்டும் ரெண்டு தடவை ஃபெயில். மொத தடவை பரவால்லன்னு தட்டி விட்டுட்டேன். ரெண்டாவது தடவை நாலு மார்க்ல போச்சு. நாப்பது மார்க்ல போயிருந்தா கூட நமக்கு இது வராதுப்பான்னு மூட்டை கட்டி வச்சுருப்பேன், இந்த நாலு மார்க் இருக்கே, அது விடவும் விடாது, உக்காந்து படிக்கவும் விடாது. மூணு மாசம் புக்கை தொறக்கவே கை வரல. அந்த சமயம் பாத்து ராத்திரி பதினோரு மணிக்கு ஃபோன்ல விளம்பரம் வருது, "நீங்க தோக்கல, உங்க மைண்ட்செட்தான் தோத்துச்சு"ன்னு. அந்த நேரத்துல அந்த வரி என்ன பண்ணும்னு அனுபவப்பட்டவங்களுக்கு தெரியும். காசு கட்டிட்டேன்.

என்ன தர்றாங்கன்னா தினம் ஒரு வீடியோ, 120 பக்க ஒர்க்புக் (பிரிண்ட் பண்ணி வீட்டுக்கே வந்துது, பேப்பர் நல்ல கனம்), தினமும் டிக் பண்ண ஒரு ஆப், வாரம் ஒரு லைவ், அப்புறம் ஒரு சாட் குரூப்.

வீடியோ பத்தி முதல்ல. ஷூட்டிங் எல்லாம் தரமா இருக்கு, ஆடியோ தெளிவு, கோச்சுக்கும் நல்ல குரல். ஆனா விஷயம்? யானையை குட்டியில கயித்துல கட்டிப்போட்டா பெருசான அப்புறமும் அத்துக்கிட்டு போகாதுன்ற கதை 90 நாள்ல மூணு தடவை வந்துது. மூணாவது தடவை யானையே எழுந்து போயிருக்கும். எடிசன் கதை ரெண்டு தடவை, ஆயிரம் தடவை தோத்தாரு பத்தாயிரம் தடவை தோத்தாருன்னு வீடியோவுக்கு வீடியோ நம்பர் மாறுது. எனக்கு அதுல கடுப்பு என்னன்னா, எடிசன் ஒத்தை ஆளா ரூம்ல உக்காந்து பல்பை முறைச்சு பாத்துட்டு இருக்கல. 1876லயே மென்லோ பார்க்ல லேப் போட்டு ஆளுங்களை வச்சு வேலை வாங்கினாரு, பின்னாடி முதலீடு பண்ண ஆள் இருந்தாங்க. அதே சமயத்துல இங்கிலாந்துல ஜோசப் ஸ்வானும் பல்பு பண்ணிட்டு இருந்தாரு. விடாமுயற்சி வேணாம்னு நான் சொல்ல வரல. பத்து பேர் உதவியோட, அடுத்து எதை மாத்திப் பாக்கணும்னு கணக்கு வச்சு பண்ற முயற்சியும், நைட்டு பத்து மணிக்கு தனியா தூக்க கலக்கத்துல பண்ற முயற்சியும் ஒண்ணு இல்லைல்ல. அடி மேல அடி அடிச்சா அம்மியும் நகரும், சரி, தப்பான பக்கம் நின்னு அடிச்சா தப்பான பக்கம்தான நகரும், நான் ரெண்டு தடவை ஃபெயில் ஆனது அப்படித்தான்னு பின்னாடி தெரிஞ்சுது, அதுக்கு வர்றேன்.

ரெண்டாவது வாரம் முழுக்க சயின்ஸ் வாரம்னு போட்டாங்க. கேரல் டுவெக்னு ஒரு உளவியல் நிபுணரோட ஆராய்ச்சி, அதாவது அறிவு பிறவியிலயே முடிவான விஷயம் இல்ல, உழைச்சா வளரும்னு நம்புறவங்க தோல்வியை வேற மாதிரி எடுத்துக்கறாங்கன்றது. விஷயம் உண்மைதான், ஆனா இவங்க அதை விக்கிற விதம் இருக்கே, மனசை மாத்துனா வாழ்க்கையே தலைகீழா மாறும்ங்கற ரேஞ்சுக்கு. 2019ல அமெரிக்காவுல ஒம்பதாம் கிளாஸ் பசங்க சுமார் 12,000 பேர்கிட்ட இதை பெரிய அளவுல சோதிச்சு பாத்தாங்க, ஒரு மணி நேரத்துக்கும் கம்மியான ஆன்லைன் பாடம்தான். மார்க் கம்மியா வாங்கிட்டு இருந்த பசங்களுக்கு சராசரியா 0.10 கிரேடு பாயிண்ட் (மொத்த ஸ்கேலே நாலு சொச்சம்தான்) ஏறுச்சு. அவ்ளோதான். ஒரு மணி நேரத்துக்கு அது மோசம் இல்ல, உண்மையில நல்ல விஷயம், ஆனா "உங்க லைஃபை 10 மடங்கு ஆக்கும்"னு போஸ்டர் அடிக்கிற நம்பரா அது? அதே மாதிரி ஆஞ்சலா டக்வொர்த்ன்ற உளவியல் ஆராய்ச்சியாளர் 2007ல எழுதின கிரிட் விஷயம், திறமையை விட விடாப்பிடிதான் முக்கியம்னு ஒரு முழு நாள் ஓட்டினாங்க. 2017ல 66,807 பேரோட டேட்டாவை ஒண்ணா சேத்து பாத்தப்போ, கிரிட்னு சொல்றது ஏற்கனவே உளவியல்ல இருக்கிற பொறுப்புணர்ச்சி அப்படின்ற குணத்தோட பெரும்பாலும் ஒட்டித்தான் போகுதுன்னு வந்துது. இதை எல்லாம் கோர்ஸ்ல மூச்சு விடல.

இப்போ ஆப். இதுதான் எனக்கு கெட்டது பண்ணுச்சு. தினம் டிக் போட்டா நெருப்பு படம் எரியும், ஒரு நாள் விட்டா ஸ்ட்ரீக், அதாவது விடாம டிக் போட்ட நாள் கணக்கு, ஜீரோ. 21 நாள்ல பழக்கம் ஆயிடும்னு ஆப்ல பெரிய எழுத்துல இருக்கு. நான் 22 நாள் விடாம டிக் போட்டேன், 23ஆவது நாள் காய்ச்சல், படுத்துட்டேன். மறுநாள் காலைல ஆப்பை தொறந்தா சாம்பல் கலர்ல ஒரு ஜீரோ, கீழ "வெற்றியாளர்கள் சாக்கு சொல்ல மாட்டாங்க"ன்னு நோட்டிஃபிகேஷன். சத்தியமா சொல்றேன், காய்ச்சல்ல கூட அழல, அதை பாத்து அழுதேன். அப்புறம் எட்டு நாள் ஆப் பக்கமே போகல, புக் பக்கமும் போகல. போனது போச்சு இனிமே என்னன்னு ஒரு மனசு வருமே, அதுதான்.

இந்த 21 நாள் கணக்கு எங்கேர்ந்து வந்துதுன்னு தேடினேன். மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கு தன் புது முகம் பழக குறைஞ்சது 21 நாள் ஆகுதுன்னு 1960ல எழுதினாரு. மூக்கு பழகற கணக்கை கொண்டாந்து படிப்புக்கு ஒட்டிட்டாங்க! நிஜமா அளந்து பாத்தது லண்டன்ல ஃபிலிப்பா லாலியோட டீம், 96 பேரை 12 வாரம் பாத்து 2010ல வெளியிட்டாங்க. ஒரு பழக்கம் தானா நடக்கிற நிலைக்கு வர நடுவாந்தரமா 66 நாள், ஆளுக்கு ஆள் 18லேர்ந்து 254 நாள் வரைக்கும் வித்தியாசம். அதுல முக்கியமான விஷயம், நடுவுல ஒரு நாள் விட்டா பெருசா ஒண்ணும் பாதிக்கலையாம். ஒரே ஒரு நாள்! இந்த ஒரு வரியை ஆப்ல போட்டிருந்தா எனக்கு எட்டு நாள் மிச்சம். நான் கடைசியா செட்டிங்ஸ்ல போய் நோட்டிஃபிகேஷனை அணைச்சுட்டு (அந்த பட்டன் மூணு மெனு தாண்டி உள்ள ஒளிஞ்சிருக்கு) சுவத்துல மாட்டுற காலண்டர்ல பென்சில்ல வட்டம் போட ஆரம்பிச்சேன். காலண்டர் என்னை திட்டல.

இவ்ளோ திட்டிட்டு ஏன் 90 நாள் முடிச்சேன்னு கேப்பீங்க. ஒர்க்புக்ல 31ஆவது பக்கம். அந்த ஒரு பக்கத்துக்காக.

அதுக்கு முந்தின பக்கம் வரைக்கும் கண்ணை மூடி வெற்றியை கற்பனை பண்ணுங்க, ரிசல்ட் வர்ற நாளை கலர்ல பாருங்கன்னு இருக்கும். அதை செஞ்சேன், சுகமா இருந்துது, செஞ்சு முடிச்சதும் தூங்கிட்டேன். என் தங்கச்சி ஒரு நாள் கதவுல சாஞ்சு நின்னு பாத்துட்டு, "அக்கா, நீ படிக்கறதை விட படிக்கிற மாதிரி கனவு காண்றதுதான் ஜாஸ்தி"ன்னுட்டு போயிட்டா. அவ சொன்னதுக்கு ஆராய்ச்சியே இருக்கு. எடை குறைக்கிற புரோகிராம்ல சேர்ந்த பெண்களை கேப்ரியேல் ஓட்டிங்கன்ற உளவியல் ஆராய்ச்சியாளர் ஒரு வருஷம் கவனிச்சு 1991ல வெளியிட்டாங்க, குறையும்னு நம்பிக்கை வச்சவங்க அதிகம் குறைச்சாங்க, ஆனா ஒல்லியான தன்னை மனசுல அழகா படம் ஓட்டி பாத்தவங்க கம்மியாத்தான் குறைச்சாங்க. நம்பிக்கை வேற, பகல் கனவு வேற.

31ஆவது பக்கத்துல நாலு கட்டம். என்ன வேணும். கிடைச்சா என்ன நடக்கும். உன்னை எது தடுக்குது, வெளிய இல்ல, உன்கிட்ட. அது வரும்போது என்ன செய்வே. ஓட்டிங்கன் உருவாக்கின முறைதான், கோர்ஸ்ல அவங்க பேரே இல்ல, வெறும் மாயக்கட்டம்னு தலைப்பு. போகட்டும். மூணாவது கட்டத்துல நான் மொதல்ல "நேரமின்மை"ன்னு எழுதினேன். அது பொய்னு எனக்கே தெரியும். அடிச்சுட்டு "சோம்பேறித்தனம்"னு எழுதினேன், அதுவும் சரியா படல, ஆபீஸ்ல மூட்டை மூட்டையா வேலை பாக்கற ஆளு எப்படி சோம்பேறி. அரை மணி நேரம் பேனாவை கடிச்சு கடைசியா எழுதினது இது: "புராசஸ் காஸ்டிங் கணக்குல அசாதாரண நஷ்டம் வந்தா எனக்கு புரியாது, புரியலன்னு தெரிஞ்சிடுமேன்னு பயந்து எப்பவும் தெரிஞ்ச சாப்டரையே திருப்பி திருப்பி போடறேன்."

(புராசஸ் காஸ்டிங்னா பொருள் ஒவ்வொரு கட்டமா தயாராகும்போது ஆகிற செலவு கணக்கு, அசாதாரண நஷ்டம்னா வழக்கமா எதிர்பாக்கறதை விட அதிகமா வீணாகிறது.) ரெண்டு வருஷமா இதுதான் நடந்திருக்கு. உழைச்சிருக்கேன், நிறைய உழைச்சிருக்கேன், எனக்கு நல்லா வர்ற மார்ஜினல் காஸ்டிங் சாப்டரை தூக்கத்துல எழுப்பி கேட்டா கூட சொல்வேன். தெரியாத சாப்டரை மட்டும் பின்னால தள்ளிட்டே வந்திருக்கேன். இதுல எந்த மோட்டிவேஷன் வீடியோ என்ன பண்ண முடியும், இன்னும் வேகமா உழைன்னு சொன்னா நான் இன்னும் வேகமா மார்ஜினல் காஸ்டிங் போட்டிருப்பேன்.

நாலாவது கட்டத்துல எழுதினது: "கணக்குல அசாதாரண நஷ்டம்னு வார்த்தை வந்தா, பேனாவை வைக்காம மொத ரெண்டு வரியை, தப்பா இருந்தாலும், எழுதுவேன்." இப்படி இது வந்தா இதை செய்வேன்னு முன்கூட்டியே முடிச்சு போட்டு வைக்கிறதை பத்தி பீட்டர் கோல்விட்சர்ன்ற உளவியல் ஆராய்ச்சியாளர் 1999லயே எழுதியிருக்காரு, 2006ல 94 சோதனைகளை சேத்து பாத்ததுல நடுத்தரத்துக்கும் மேலயே பலன் இருந்துது. நான் பாத்த வரைக்கும் இந்த கோர்ஸ்ல இருக்கிற மத்த எதுக்கும் இந்த அளவு பலம் இல்ல. மொத நாள் ரெண்டு வரி எழுதினேன், ரெண்டுமே தப்பு. அஞ்சாவது நாள் சாதாரண நஷ்டத்தோட (எப்பவும் எதிர்பாக்கற வீண்) ஸ்கிராப் காசை, அதாவது அந்த வீணானதை வித்து வர்ற காசை, கழிக்காம விட்டுட்டு யூனிட் விலையை போட்டுட்டு இருந்தேன்னு புடிபட்டுது. இவ்ளோ சின்ன விஷயம், இதுக்கு பயந்துதான் ரெண்டு வருஷம்.

யானை கதைக்கு திரும்ப வர்றேன் ஒரு நிமிஷம். அந்த கதைக்கு அடியில இருக்கிறது, திரும்ப திரும்ப அடி வாங்கினா உயிரு துவண்டு போக கத்துக்குதுன்னு 1967ல செலிக்மன், மையர்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் நாய்களை வச்சு சொன்ன விஷயம். அதே ரெண்டு பேரும் 2016ல அதை மாத்தி எழுதிட்டாங்க, துவண்டு போறது கத்துக்கிற விஷயம் இல்ல, நீண்ட அடிக்கு அதுதான் தானா வர்ற பதில், நம்ம கையில ஏதோ இருக்குன்றதைத்தான் மூளை கத்துக்கணும்னு. எனக்கு இது பெரிய ஆறுதலா இருந்துது. மூணு மாசம் புக்கை தொறக்காம கிடந்தது என் கேரக்டர் கோளாறு இல்ல, அந்த தப்பான ரெண்டு வரியை எழுதினதுதான் கையில ஏதோ இருக்குன்னு காட்டுச்சு. கோர்ஸ்ல இதை சொல்லியிருந்தா யானையை நான் மன்னிச்சிருப்பேன்.

லைவ் பத்தி சுருக்கமா. பத்து லைவ்ல அட்டெண்ட் பண்ணேன், எட்டு அடுத்த லெவல் கோர்ஸுக்கு விளம்பரம். ஒரு தடவை ஒருத்தர், வீட்ல உடம்பு சரியில்லாதவங்கள பாத்துக்கிறதால நேரம் கிடைக்கலன்னு கேட்டாரு, கோச் "அது உங்க பழைய அடையாளம் பேசுது"ன்னாரு. அவரு மைக்கை அணைச்சுட்டாரு, அப்புறம் குரூப்ல அவரை பாக்கவே இல்ல. தடை எல்லாமே மனசுல இருக்குன்னு சொல்றவங்களுக்கு, பாவம், வேற எங்கயும் தடையை பாத்து பழக்கம் இல்ல போல. குரூப்ல மொத வாரம் 400 மெசேஜ், அறுபதாவது நாள் குட்மார்னிங் படம் மட்டும். அதுலயே நாலு பேர் தனியா பிரிஞ்சு வந்து, ராத்திரி ஒம்பதரைக்கு கேமரா ஆன் பண்ணிட்டு பேசாம படிக்கிறோம், இப்பவும் நடக்குது, இது கோர்ஸ் கொடுத்தது இல்ல ஆனா கோர்ஸ் இல்லன்னா இவங்க கிடைச்சிருக்க மாட்டாங்க, அந்த கிரெடிட்டை கொடுத்துத்தான் ஆகணும்.

என் மார்க்: வீடியோவுக்கு ஒண்ணரை, ஆப்புக்கு முட்டை, ஒர்க்புக்குக்கு நாலரை. மொத்தமா அஞ்சுக்கு ரெண்டரை. ஒர்க்புக்கை தனியா வித்தா கண்ணை மூடிட்டு வாங்குங்கன்னு சொல்வேன், தனியா விக்க மாட்டேங்கறாங்க, கேட்டுப் பாத்துட்டேன். ஏற்கனவே ஓடிட்டு இருக்கிறவங்களுக்கு இது தேவையே இல்ல, ராத்திரி ரொம்ப மனசு உடைஞ்சு கெடக்கிறவங்க அன்னைக்கு ராத்திரியே காசு கட்டாதீங்க, ஒரு பேப்பர்ல அந்த நாலு கட்டத்தை போட்டு பாத்துட்டு காலைல முடிவு பண்ணுங்க.

பரீட்சை மூணாவது தடவை எழுதிட்டேன், ரிசல்ட் இன்னும் வரல. அசாதாரண நஷ்டம் வந்துது, முழுசா போட்டேன், டேலி ஆச்சு.

வாங்குறவங்க ஒண்ணு மட்டும் கவனிங்க, காசு கட்டுற பக்கத்துல கீழ பொடி எழுத்துல ஆட்டோ ரினியூவல்னு (நம்மளை கேக்காமலே திரும்ப காசு எடுத்துக்கறது) ஒரு டிக் ஏற்கனவே போட்டே இருக்கும். அதை எடுத்துடுங்க. என் ரீஃபண்ட் சண்டையே அதுக்குத்தான்.