சன்செட் கேன்வாஸ் வாங்குறதுக்கு முன்னாடி ரூம் லைட்டைப் பாருங்க

சோபாவுக்கு மேல மாட்ட ஆன்லைன்ல வாங்குன சன்செட் அப்ஸ்ட்ராக்ட் கேன்வாஸ் பத்தின ரிவ்யூ இது. சைஸ் 48க்கு 24 இன்ச், சிங்கிள் பீஸ்.

படம் நல்லாருக்கு, அதுல சந்தேகமே இல்ல. சூரியன்னு வட்டமா எதையும் வரையல, மேல கருநீலம், கீழ வர வர கத்திரிப்பூ கலர், நடுவுல ஆரஞ்சை ஒரே இழுப்பா இழுத்து விட்டிருக்காங்க, அடியில செம்மண் கலர். கடலா வயலானு கேட்டா சொல்லத் தெரியாது, எனக்குப் புடிச்சதே அதான். தென்னமரம், படகு, பறவைக் கூட்டம்னு போட்ட சன்செட் எல்லாம் கொஞ்ச நாள்ல காலண்டர் மாதிரி ஆயிடும், அப்புறம் யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க.

ஆனா இது எப்படித் தெரியும்ங்கறது பாதி உங்க ரூம் லைட்டுலதான் இருக்கு. 6500 கெல்வின் (லைட்டோட கலரைச் சொல்ற அளவு) வெள்ளை ட்யூப்லைட்டுல ஆரஞ்சு சோர்ந்து போய் நீலம் மட்டும் முன்னாடி வந்து நிக்குது, அதே படம் 2700 கெல்வின் வார்ம் பல்புல வேற படம், சிவப்பெல்லாம் அப்படியே எழும்பி வருது. பல்பு டப்பால சிஆர்ஐ, அதாவது கலரை எவ்ளோ சரியா காட்டும்ங்கற மார்க், 90க்கு மேல இருக்கானும் பாத்துக்கோங்க, அது கம்மியா இருக்குற எல்இடில முதல்ல அடிவாங்குறது சிவப்புதான். "போட்டோல பளிச்சுனு இருந்துச்சு, நேர்ல டல்"னு ஒத்த ஸ்டார் குடுத்துட்டுப் போறவங்க நிறைய பேரு, மொபைல் ஸ்கிரீன் தானே ஒளி விடுது, கேன்வாஸ் மேல விழுற வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும், அது போக அவ்ளோ பளீர் ஆரஞ்சு பிரிண்ட் மையில முழுசா வராது.

இப்போ கடுப்பான விஷயம். "கையால வரைஞ்ச டெக்ஸ்சர்"னு போட்டிருந்தாங்க, வந்தது சுத்தமான பிரிண்ட்டு. பிரஷ் தடம் எல்லாம் கண்ணுக்குத் தெரியுது, விரல் வச்சா வெறும் துணி நெசவுதான் தட்டுப்படுது. சைடுல இருந்து டார்ச் அடிங்க, நிஜ பெயிண்ட் மேடா இருந்தா குட்டிக் குட்டியா நிழல் விழும், இதுல ஒண்ணுமே விழல. ஒரு மூலையில மடிச்ச இடத்துல மை விரிசல் விட்டு மெல்லிசா வெள்ளைக் கோடு வேற, தூரத்துல தெரியாதுன்னாலும் எனக்குத் தெரியுதே!

துணியை இழுத்துக் கட்டியிருக்குற மரக்கட்டை பரவால்ல, ஒன்றரை இன்ச் தடிமன், படம் ஓரத்துலயும் சுத்தி வருது, அதனால வெளி ஃப்ரேம் தேவையில்ல. பின்னாடி நடுவுல குறுக்குக் கட்டையும் இருக்கு, இந்த சைஸுக்கு அது இல்லாட்டி நாளடைவுல கட்டை உள்வாங்க வாய்ப்பிருக்கு, ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி பின்பக்க போட்டோ கேட்டு வாங்கிப் பாருங்க.

மாட்டும்போது சோபா முதுகுல இருந்து 6, 8 இன்ச் மேல படத்தோட அடி வந்தா போதும், நிறைய வீட்டுல சீலிங் பக்கத்துல தூக்கி மாட்டி வச்சிருக்காங்க, ஏன்னே புரியல. அகலம் சோபால மூணுல ரெண்டு பங்கு இருந்தா எடுப்பா இருக்கும். ஜன்னல் வெயில் நேரா அடிக்கிற சுவர் மட்டும் வேணாம், மை வெளுத்துரும். தூசிக்கு காஞ்ச மைக்ரோஃபைபர் துணி போதும், ஈரத்துணி பக்கமே போகாதீங்க.

அஞ்சுக்கு மூணரை தரலாம், கையால வரைஞ்சதுனு பொய் சொல்லாம பிரிண்ட்டுனே வித்திருந்தா நாலரை.