கடன் முடியாத வீட்டை விற்க மூன்று வழி: நம் புரோக்கர்கள் எதைக் கையில் எடுக்கலாம்?

வாங்குகிறவருக்கு வீடு பிடித்துவிட்டது, விலையும் 70 லட்சத்துக்குப் பேசி முடித்தாயிற்று, டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் நேரத்தில்தான் வீட்டுக்காரர் மெதுவாக வாயைத் திறக்கிறார்: "பத்திரம் பேங்க்ல இருக்கு சார், இன்னும் 28 லட்சம் பாக்கி." இதை வீடு பார்க்கப் போன முதல் நாளே நாம் கேட்டிருக்க வேண்டும். பாக்கி எவ்வளவு, எந்த வங்கி, அதே வீட்டின் மேல் டாப்-அப், அதாவது கூடுதல் கடன் ஏதும் வாங்கியிருக்கிறாரா, அதே வங்கியில் வேறு யாருக்காவது ஜாமீன் போட்டிருக்கிறாரா. கடைசி இரண்டையும் பலர் கேட்பதில்லை. வீட்டுக்கடன் முடிந்த பிறகும் பத்திரம் வெளியே வராமல் இழுப்பது பெரும்பாலும் இவற்றால்தான்.

பதில் தெரிந்தால் மூன்று வழிகளில் எது சரிப்படும் என்று அன்றைக்கே சொல்லிவிடலாம். விற்பவர் தன் பணத்தில் கடனை முடித்துவிட்டு விற்பது, வாங்குபவரின் அட்வான்ஸில் கடனை அடைப்பது, வாங்குபவருக்குக் கடன் தரும் வங்கியே பழைய வங்கிக்கு நேராகப் பணம் கட்டிப் பத்திரத்தை எடுப்பது.

முதல் வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கையில் பணம் இருப்பவருக்கு இதைவிடச் சுத்தமான வழி கிடையாது. தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டியே முடித்தால் அபராதம் கிடையாது, வங்கிகளுக்கு 2012 முதலே ரிசர்வ் வங்கி அதைத் தடுத்திருக்கிறது. பணம் கட்டி முடித்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்பதும் 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள விதி. இதை நம் பார்ட்டிக்குச் சொல்லிக் கொடுங்கள், பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் கையில் பணம் இல்லாதவரை இந்த வழிக்குத் தள்ளி, வெளியில் இரண்டு ரூபாய் வட்டிக்குக் கைமாற்று வாங்கிக் கொடுக்கிற பழக்கம் நம் தொழிலில் இருக்கிறதே, அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். 28 லட்சத்துக்கு மாதம் 56,000 ரூபாய் வட்டி. கிரயம் இரண்டு மாதம் தள்ளிப்போனால் அந்தக் குடும்பம் என்னவாகும்?

இரண்டாவது வழிதான் புரோக்கர்களுக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் வேகமாக முடியும் போலத் தெரியும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி கொடுக்க முடியாது. 70 லட்சம் வீட்டுக்கு அதிகபட்சம் 56 லட்சம், மீதி 14 லட்சம் வாங்குபவரின் சொந்தப் பணம். பத்திரச் செலவு 9 சதவீதம், அதாவது 6.30 லட்சம், தனியாக அவரே போட வேண்டும், அதற்கு இந்தக் கடன் வராது. ஆக அவரிடம் அட்வான்ஸாகக் கொடுக்க இருப்பது 14 லட்சம், வீட்டின் மேல் இருக்கும் கடனோ 28 லட்சம். எப்படி அடையும்? பாக்கிக் கடன் வாங்குபவரின் சொந்தப் பங்குக்குள் அடங்கினால் மட்டுமே இரண்டாவது வழியைப் பற்றிப் பேசவே வேண்டும். எட்டோ பத்தோ லட்சம் பாக்கி என்றால் சரி, நடக்கும்.

அப்போதும் பணம் போகிற பாதைதான் முக்கியம். தாம்பரம் பக்கம் ஒரு ஃபிளாட், பாக்கி 11 லட்சம். வாங்குபவர் மனைவியின் நகையை அடகு வைத்து 12 லட்சத்தை விற்பவரின் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பினார், நானும் பக்கத்தில்தான் இருந்தேன், தடுக்கவில்லை. விற்பவர் கெட்டவர் இல்லை, ஆனால் அந்தக் கணக்கில் அவருடைய கடைக்கான காசோலைகளும் இன்னொரு கடனின் தவணையும் வரிசையாகக் காத்திருந்தன. கடனை முடிக்கப் போன அன்று நான்கு லட்சம் குறைந்தது. அதைத் திரட்ட ஆறு மாதம் ஆயிற்று, அதற்குள் வாங்குபவரின் சாங்ஷன், அதாவது வங்கி கொடுத்த கடன் ஒப்புதலின் காலம் முடிந்து, மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம் போட்டார், நகைக்கு வட்டியும் கட்டினார். அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் கட்டுப்பாடு ஒன்றுதான்: அட்வான்ஸ் விற்பவரின் கைக்கும் சேமிப்புக் கணக்குக்கும் போகக் கூடாது, நேராக அவருடைய கடன் கணக்குக்கே போக வேண்டும், அல்லது அந்தக் கடன் கணக்கு எண் போட்டு வங்கி பெயரில் டிடி. அதற்கு முன் கிரய ஒப்பந்தம் பதிவாகியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அதைப் பதிவு செய்வது கட்டாயம், 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும் என்று யாருக்கும் சொல்லாதீர்கள். ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ வாங்கவும் கூடாது, வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதமாக வரும்.

மூன்றாவது வழி மெதுவானது, தாள் வேலை அதிகம், ஆனாலும் 28 லட்சம் மாதிரியான பாக்கிக்கு நான் இதையே சிபாரிசு செய்வேன். பழைய வங்கியில் பாக்கித் தொகைக்கான கடிதமும், அவர்களிடம் உள்ள அசல் பத்திரங்களின் பட்டியலும் வாங்குங்கள். புது வங்கியின் வக்கீல் பத்திர நகல்களையும் 30 வருட வில்லங்கத்தையும் பார்ப்பார், பொறியாளர் மதிப்புப் போடுவார். அப்புறம் கடனில் ஒரு பகுதி நேராகப் பழைய வங்கிக்குப் போகும், பத்திரம் வந்ததும் கிரயம், மீதி விற்பவருக்கு. இதில் வாங்குபவருக்கு ஒரு நஷ்டம் உண்டு, அதை மறைக்காமல் சொல்லுங்கள்: முதல் பகுதி போன நாளிலிருந்தே அவருக்கு வட்டி ஓடும். வட்டி 8.5 சதவீதம் என்று வைத்தால் 28 லட்சத்துக்கு மாதம் 20,000 ரூபாயை ஒட்டி வரும், வீடு இன்னும் அவர் பெயருக்கு வந்திருக்காது. சாங்ஷன் கைக்கு வந்த பிறகு அவருடைய சொந்தப் பங்கு 14 லட்சத்தை முதலில் பழைய கடன் கணக்கில் கட்டினால் இந்த வட்டி பாதியாகக் குறையும்.

எல்லா வங்கியும் இதற்கு உடனே தலையாட்டாது. பத்திரம் கைக்கு வராமல் பணம் கொடுக்கத் தயங்கும் கிளைகள் உண்டு, அதனால் வீட்டைக் காட்டும்போதே வாங்குபவரின் வங்கியில் கேட்டுவிடுவது நல்லது. விற்பவரின் வங்கியிலேயே வாங்குபவருக்கும் கடன் கிடைத்தால் இந்தத் தயக்கமே இருக்காது, பத்திரம் அந்த வங்கியை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. ஆனால் அங்கே வட்டி அதிகம் என்றால் அவரை நெருக்காதீர்கள். நமக்கு வரும் கிரயம் ஒரு மாதம் முந்துவதற்காக அவர் 20 வருடம் கூடுதல் வட்டி கட்டக் கூடாது. கடன் ஏஜென்ட் தரும் பங்குக்காக ஒரு வங்கியைக் கைகாட்டுவதும் அப்படித்தான்.

எந்த வழியில் போனாலும், விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் விலையில் 1 சதவீதத்தை டிடிஎஸ், அதாவது விற்பவரின் கணக்கில் வருமான வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டும். பழைய வங்கிக்கு நேராகப் போகும் பணமும் விற்பவருக்குக் கொடுத்த விலையில்தான் சேரும், அதற்கும் பிடிக்க வேண்டும், இதை மறந்துவிட்டுப் பின்னால் நோட்டீஸ் வாங்கியவர்கள் உண்டு. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்த 1 சதவீதக் கணக்கே செல்லாது, பிடித்தம் பல மடங்கு, ஆடிட்டரிடம் போகாமல் ஒரு ரூபாய்கூடக் கைமாறக் கூடாது.

கடன் முடிந்ததும் பத்திரம் கைக்கு வந்துவிட்டதே என்று நின்றுவிடாதீர்கள். அடமானம் பதிவாகியிருந்தால் அதை ரத்து செய்யும் ரசீது ஆவணமும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும், இல்லையென்றால் ஈ.சி. என்கிற வில்லங்கச் சான்றில் பழைய கடன் அப்படியே நிற்கும். புதிதாக ஈ.சி. போட்டு, ரசீது ஆவணத்தின் எண் அதில் ஏறியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு கிரயத் தேதியைக் குறியுங்கள்.