வார நாள் இரவுணவுக்கு ஒரு வார்ப்பிரும்பு வாணலி: 26 செ.மீ. அளவு பற்றிய மதிப்பீடு

அலுவலகத்திலிருந்து ஏழரை மணிக்குத் திரும்பி எட்டரைக்குள் சாப்பிட்டு முடிக்க நினைக்கும் வீட்டில், சாசேஜையும் காய்கறிகளையும் ஒரே பாத்திரத்தில் வதக்கி எடுப்பது வசதியான ஏற்பாடு. அந்த ஒரு வேலையை மனத்தில் வைத்துத்தான் தட்டையான அடியும் குட்டையான சுவரும் கொண்ட 26 செ.மீ. வார்ப்பிரும்பு வாணலியை வாங்கினேன். சென்னைக் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் இவ்வகை வாணலிகள் எடையிலும் வடிவத்திலும் ஒன்றையொன்று பெரிதும் ஒத்தவை. ஆகவே நான் சொல்பவற்றில் பெரும்பகுதி மற்றவற்றுக்கும் பொருந்தும். விலை இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இதில் சாசேஜ் உண்மையாகவே சிவக்கிறது. நான்ஸ்டிக் வாணலியில் அதே சாசேஜ் சூடாகும், சற்றே சுருங்கும், வெட்டிய முகம் மட்டும் வெளிறியே இருக்கும். நான்ஸ்டிக் பூச்சை ஏறத்தாழ 260 டிகிரிக்கு மேல் சூடேறவிடக் கூடாது என்பதால், அதில் வெறும் வாணலியை நன்றாகக் காயவைக்கவும் தயக்கமாக இருக்கிறது. வார்ப்பிரும்புக்கு அந்தக் கவலை இல்லை. இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட கனமும் இங்கே கைகொடுக்கிறது: குளிர்பெட்டியிலிருந்து எடுத்த துண்டுகளை ஒரேயடியாகப் போட்டாலும் தேக்கி வைத்த சூடு சட்டென்று இறங்குவதில்லை, சாசேஜிலிருந்து வரும் நீர் அங்கேயே ஆவியாகிப் போவதால் துண்டுகள் வேகாமல் வதங்குகின்றன.

ஆனால் வார்ப்பிரும்பு சூட்டைத் தேக்கி வைக்குமே தவிர, சீராகப் பரப்பாது. அதன் வெப்பக் கடத்துதிறன் அலுமினியத்தினுடையதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். நம் எரிவாயு அடுப்பின் சிறிய பர்னரில் வைத்துத் தீயைப் பெரிதாக்கினால், நடுவில் கை அகலத்துக்குப் புகை கிளம்பும்போதும் ஓரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். பெரிய பர்னரில் மிதமான தீயில் ஆறேழு நிமிடம் காயவிட்டு, இடையில் ஒருமுறை அரைவட்டம் சுழற்றி வைத்தால் இந்தக் குறை பெருமளவு தீர்கிறது. அந்த நேரம் வீணாவதில்லை; காய் நறுக்க எப்படியும் அவ்வளவு ஆகும். அவசரத்துக்கு இரண்டு நிமிடத்தில் காய வேண்டும் என்பவர் இதை வாங்க வேண்டாம்.

நான் செய்யும் முறையைச் சொன்னால்தான் வாணலியின் தன்மை விளங்கும். கோழி சாசேஜை முந்தைய இரவே உறைபெட்டியிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுவேன். கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே வெந்தவை. அவற்றுக்கு வேண்டியது சூடும் நிறமும் மட்டுமே. (இறைச்சிக் கடையில் பச்சையாக விற்கும் சாசேஜ் வேறு கதை, கோழியானால் உட்புறம் 74 டிகிரியைத் தொடும்வரை வேகவைத்தே ஆக வேண்டும்.) சாய்வாக அரை விரல் கனத்தில் நறுக்கி, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் ஒரே அடுக்காகப் பரப்பிக் கிளறாமல் விட்டால், மூன்று நிமிடத்தில் துண்டுகள் தாமாகவே அடியை விட்டு விலகும். விலகாத துண்டை நெம்பக் கூடாது. அது இன்னும் சிவக்கவில்லை என்று பொருள். திருப்பிப் போட்டுச் சிவந்ததும் தட்டுக்கு எடுத்துவிட வேண்டும்.

அதன் பிறகே காய்கள். கோழி சாசேஜில் கொழுப்பு அதிகம் இறங்காது என்பதால் இன்னொரு கரண்டி எண்ணெய் தேவை. சிறு சதுரங்களாக நறுக்கிய உருளைக்கிழங்கும் கேரட்டும் முதலில் போய், மூடியின் கீழ் எட்டு நிமிடம் வேக வேண்டும். அடுத்துப் பீன்ஸ், பிறகு வெங்காயமும் நசுக்கிய பூண்டும், குடைமிளகாய் கடைசி மூன்று நிமிடத்துக்கு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கிளறும் சமையல் குறிப்புகளை நம்பினால், உருளைக்கிழங்கு வேகும் முன் குடைமிளகாய் குழைந்துவிடும். காளான் சேர்ப்பதானால் அதைத் தனியாக, சாசேஜுக்கும் முன்பே வதக்கி எடுத்துவிடுவது நல்லது. அது விடும் நீரில் மற்றவை அவிந்து போகும். சாசேஜ் திரும்பி வந்து கலந்த பின்பே உப்பு பார்க்க வேண்டும், பல நாள்களில் உப்பே தேவைப்படாது. மிளகுத்தூள் தாராளமாகத் தூவலாம். எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைத்துப் பரிமாறிய பின்புதான்.

எலுமிச்சையைக் கடைசிக்குத் தள்ளுவதற்குச் சுவையைத் தாண்டிய காரணம் ஒன்று உண்டு. தொழிற்சாலையிலேயே எண்ணெய் பூசிச் சூட்டில் இறுகவைத்துப் பழக்கியது என்று உறையில் எழுதியிருந்தாலும், அந்தப் பூச்சு மெல்லியது. தக்காளியையோ புளியையோ அதில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டால் பூச்சு கரைந்து, உணவில் இரும்பு வாடை ஏறும். சில மாதங்கள் சமைத்த பிறகு மேற்பரப்பு கறுத்து இறுகும். அப்போதும் இதில் புளிக்குழம்பு வைக்க நினைக்கக் கூடாது.

சாசேஜைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனெனில் வாணலி எவ்வளவு நல்லதானாலும் பொட்டலத்துக்குள் இருப்பதை அது மாற்றிவிடாது. பொட்டலத்தின் பின்புறம் இறைச்சியின் விழுக்காட்டைப் பாருங்கள். மாவுப்பொருளும் சோயாப் புரதமும் மிகுந்தவை வாணலியில் ஊறிய ரொட்டியாக மிருதுவாகிவிடும், ஓரம் மொறுமொறுப்பதே இல்லை. சேர்மானப் பட்டியலில் ஐஎன்எஸ் 250 என்ற குறியீட்டு எண் இருந்தால், அது இறைச்சியைப் பதப்படுத்தச் சேர்க்கும் சோடியம் நைட்ரைட். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் உண்டால் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு 18 விழுக்காடு கூடுகிறது என்பது அதன் கணிப்பு. எனவே எங்கள் வீட்டில் இது வாரத்துக்கு ஒருநாள் சமையல்தான். தட்டில் காய்க்கே பெரும்பங்கு.

கோவாவுக்குப் போய்வருபவர்கள் யாராவது மாப்புசாச் சந்தையிலிருந்து சொரிஸ் வாங்கி வந்தால் வாணலியின் முழுத் திறமையும் தெரியும். பன்றி இறைச்சியைக் காய்ந்த மிளகாயிலும் வினிகரிலும் ஊறவைத்துச் செய்யும் சாசேஜ் அது. சிறு உருண்டைகளாகக் கட்டிச் சரமாகக் கோத்தும் விற்பார்கள். ஒரு சொட்டு எண்ணெய் வேண்டாம். மெல்லிய தீயில் வைத்தால் சிவந்த கொழுப்பு தானே இறங்கி, உருளைக்கிழங்கும் வெங்காயமும் அதிலேயே நிறமேறி வேகும். அதற்கு உப்போ மிளகோ சேர்ப்பது அநியாயம். அதில் உள்ள வினிகர் பூச்சைச் சற்றே அரிக்கும் என்பது உண்மைதான். அன்று கழுவிய பின் இன்னொரு கை எண்ணெய் தடவிவிடுகிறேன்.

குறைகளுக்கு வருவோம். கைப்பிடியும் அதே இரும்பில் ஒரே வார்ப்பாக இருப்பதால் பத்து நிமிடத்தில் வெறுங்கையால் தொட முடியாத சூடாகிவிடும். எதிர்ப்புறத்துச் சிறு பிடியும் அப்படியே. பிடிதுணி இரண்டு எப்போதும் பக்கத்தில் வேண்டும். ஒரு கையால் தூக்கிச் சாய்த்துப் பரிமாறும் பழக்கம் இதில் செல்லாது. மணிக்கட்டு வலி உள்ளவர்களும் முதியவர்களும் இதைக் கையில் எடுத்துப் பார்க்காமல் இணையத்தில் வாங்குவது சரியல்ல. உட்புறம் மணல் அச்சில் வார்த்த சொரசொரப்போடு இருக்கிறது. முட்டைக்கு அது இடையூறு, சாசேஜுக்கு இல்லை. ஓரத்தில் எண்ணெய் வடிக்க வைத்திருக்கும் மூக்கு பெயருக்குத்தான்.

கழுவுவதைப் பற்றிப் பயமுறுத்துபவர்கள் அதிகம். உண்மையில், சூடு ஆறியும் ஆறாமலும் இருக்கும்போது வெந்நீரும் தேங்காய் நாரும் போதும்; பிசுக்கு இருந்தால் கொஞ்சம் பாத்திர சோப்பும் போடலாம், பூச்சு போய்விடாது. பிறகு அடுப்பில் ஒரு நிமிடம் வைத்து ஈரம் போக்கி, துணியில் தொட்ட எண்ணெயை மெல்லத் துடைத்து வைத்தால் வேலை முடிந்தது. செய்யக் கூடாதது இரவெல்லாம் தொட்டித் தண்ணீரில் கிடக்கவிடுவது. பாத்திரம் தேய்க்க ஆள் வரும் வீடுகளில் வாணலியை மற்றவற்றோடு போடாமல் தனியே எடுத்து வைத்துவிடுவது உத்தமம். பித்தளைக்குப் போடும் புளியும் கம்பி நாரும் இதன் மேல் பட்டால் பல மாதப் பழக்கம் ஒரே தேய்ப்பில் போய்விடும்.

அளவு குறித்து ஒன்று. 26 செ.மீ. வாணலி மூன்று பேருக்குச் சரியாக இருக்கும். நான்கு பேருக்கென்று அதே வாணலியில் திணித்தால் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சிவப்பதற்குப் பதில் ஆவியில் வெந்துவிடும். அவர்கள் இரண்டு தவணையாகச் செய்யலாம், அல்லது அடுப்பின் இரு பர்னர்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்துகொண்டு 30 செ.மீ. வாங்கலாம். இரண்டிலும் மூடி சேர்த்துத் தருவதில்லை. வீட்டில் இருக்கும் கண்ணாடி மூடி ஏதாவது பொருந்துகிறதா என்று விட்டத்தைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போனால் அந்தச் செலவு மிச்சம்.