கரண்ட் இல்லாத நாளுக்குத் தின்பண்டம்: வாங்கி வைப்பதா, செய்துகொள்வதா?

கரண்ட் போன முதல் நாள் பெரிதாகத் தெரியாது. மூன்றாம் நாள்தான் பிள்ளைகள் நச்சரிப்பார்கள்; பெரியவர்களுக்கும் நாக்கு செத்துப் போயிருக்கும். அந்த நாளுக்காகத் தின்பண்டம் சேர்ப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. பாக்கெட்டாக வாங்கி அடுக்குகிறவர்கள் ஒன்று. சாமான்களை வைத்துக்கொண்டு அன்றைக்குச் செய்துகொள்ளலாம் என்பவர்கள் இன்னொன்று.

வாங்கி வைத்தால் அடுப்பு வேண்டாம், கழுவப் பாத்திரமும் இல்லை. கெடாமல் கிடப்பதில் கடிக்கும் மிட்டாயை மிஞ்ச ஆளில்லை. கிட்டத்தட்ட முழுக்கச் சர்க்கரை, ஈரம் மிகக் குறைவு. கிருமிக்கு அங்கே வேலை இல்லை. காற்று புகுந்தால் பிசுபிசுக்கும், அவ்வளவுதான். சாக்லேட் கதை வேறு. கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே உருகிவிடும். உருகி இறுகியதில் வெள்ளைப் படலம் படிந்திருந்தால் பூஞ்சை என்று தூக்கிப் போடாதீர்கள், கொழுப்புதான் மேலே வந்திருக்கிறது, சாப்பிடலாம். பால் சாக்லேட்டைவிட டார்க் சாக்லேட் அதிக நாள் தாங்கும். வறுத்த வேர்க்கடலையில் இருப்பது எண்ணெய் என்பதால் மாதங்கள் போனால் காறல் வாடை வரும். உப்புப் போட்ட வகை தாகத்தையும் கூட்டும். குடிக்கவும் மற்றதற்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று தண்ணீரை அளந்து வைத்திருக்கும் வீட்டில் அது வீண் செலவு.

ஆனால் பாக்கெட்டின் பெரிய குறை வேறு. தேவைப்படும் நாளில் அது இருக்காது! எவ்வளவு உயரத்தில் ஒளித்தாலும் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு கை அதைத் தேடிப் போகும். கொக்கோ தூளையும் வெறும் சோளத்தையும் யாரும் திருடித் தின்பதில்லை. செய்துகொள்ளும் கட்சிக்கு என் ஓட்டு சாய்வதற்கு முதல் காரணம் இதுதான்.

அதிலும் எல்லாம் ஒன்றல்ல. நெருப்பே வேண்டாத வகை: பிஸ்கட்டைக் கனமான பிளாஸ்டிக் பையில் போட்டு நொறுக்கி, கொக்கோ தூள் இரண்டு கரண்டி சேர்த்து, உருட்ட வரும் பதத்துக்குக் கண்டென்ஸ்டு மில்க்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பையோடு பிசைந்தால் உருண்டை தயார். பாத்திரம் அழுக்காகாது. பிஸ்கட்டுக்குப் பதில் பச்சை மைதா போட்டுவிடாதீர்கள்; வேகாத மாவில் நோய்க்கிருமி இருக்கலாம். டின் சிறியதாக இருக்கட்டும். திறந்ததைக் குளிரில் வைக்க வழியில்லை, அன்றே தீர்க்க வேண்டும். டின்னைத் திறக்கக் கையால் திருகும் ஓப்பனர் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

நெருப்பு இருந்தால் பாப்கார்ன். சோள மணிக்குள் 14 சதவீதம் அளவுக்கு ஈரம் இருக்கும். 180 டிகிரி வாக்கில் அது நீராவியாகித் தோலைக் கிழித்து வெளியே வருகிறது. ஈரம் போனால் பொரியாது, அதனால் இறுக்கமான டப்பா அவசியம். மூடி போட்ட பாத்திரம், ஒரு கரண்டி எண்ணெய், ஐந்தாறு நிமிடம் போதும். இருட்டில் அந்தப் படபட சத்தமே பிள்ளைகளுக்குப் பாதிப் பண்டம். கேஸ் அடுப்பென்றால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது.

சர்க்கரைப் பாகு காய்ச்சி மிட்டாய் செய்வதை மட்டும் நான் தள்ளிவிடுவேன். பாகு 150 டிகிரி வரை போக வேண்டும், தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் செய்கிற வேலையா அது?

சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் இந்தக் கணக்கு மாறும். கடிக்கும் மிட்டாய், முழுக் கடலை, பாப்கார்ன் மூன்றும் நான்கு வயதுக்குக் கீழே தொண்டையில் அடைக்கும். தேன் எத்தனை வருடமும் கெடாது என்றாலும் ஒரு வயது ஆகாத குழந்தைக்குக் கொடுக்கக்கூடாது. ஒரு வயது தாண்டிய சின்னவர்களுக்கு உருண்டையைப் பிய்த்துக் கொடுக்கலாம், பாலில் ஊறிய பிஸ்கட்டும் சரி. அந்தப் பாலுக்குத் தூள் வாங்குவதாக இருந்தால் மற்றவர்களுக்குக் கொழுப்பு நீக்கியதே போதும், அதுதான் சீக்கிரம் காறாது. இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொழுப்புள்ளதில் ஒரு சின்ன டப்பா.

ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் இருந்தால் இரண்டு கட்சியும் காத்திருக்கட்டும். முதல் நாளே அதைத்தான் காலி செய்ய வேண்டும்.