டெபியனில் டிகேஎம்எஸ்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்களுடையது டிடிபி, ஆன்லைன் விண்ணப்ப வேலை பார்க்கும் கடை. கணினிகள் எல்லாமே ஓடுவது டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில். உள் அறை மேசைக்குக் கேபிள் இழுக்க வழியில்லாததால், ரியல்டெக் 8821சியூ சிப் உள்ள யூஎஸ்பி வைஃபை டாங்கிள் போட்டிருக்கிறோம். டெபியன் 12 காலம் முழுக்க அதன் டிரைவர் ஓடியது, வெளி டிரைவர்களைப் பராமரிக்கும் கருவியான டிகேஎம்எஸ் புண்ணியத்தில்தான்.

டெபியன் 12-இல் இருப்பது 6.1 கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி). இந்தச் சிப்புக்கு யூஎஸ்பி ஆதரவு கர்னலுக்குள்ளேயே வந்தது 6.2-இல். அதனால் டிரைவரின் மூலநிரலை வெளியிலிருந்து எடுத்துக் கம்பைல் செய்தாக (ஓடக்கூடிய வடிவத்துக்கு மாற்றியாக) வேண்டும். ஒரு கர்னலுக்குக் கம்பைல் ஆன மாட்யூல் (கர்னலில் ஏற்றும் டிரைவர் கோப்பு) அடுத்த கர்னலில் ஏறாது என்பதால், ஒவ்வொரு அப்டேட்டுக்கும் தானாகவே மறுபடி கம்பைல் செய்து வைக்கிறது டிகேஎம்எஸ். ஒழுங்காக ஓடும்வரை அது இருப்பதே தெரியாது. என்றாவது காலையில் கடைத் தம்பி, "அண்ணே, உள்ளே நெட் வரல" என்பான். அப்போதுதான் அதன் ஞாபகமே வரும்.

அந்த நேரத்தில் டிரைவரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட ஓடாதீர்கள். முதலில் டெர்மினலில் 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' என்ற கட்டளை கொடுத்துப் பாருங்கள். இப்போது ஓடும் கர்னலின் எண்ணும் 'இன்ஸ்டால்டு' என்ற சொல்லும் ஒரே வரியில் இருக்க வேண்டும். வெறுமனே 'ஆடட்' என்று நின்றால் மூலநிரல் இருக்கிறது, கம்பைல் ஆகவில்லை என்று பொருள். பெரும்பாலும் கர்னல் ஹெடர் (டிரைவரைக் கம்பைல் செய்யத் தேவையான கர்னல் கோப்புகள்) இல்லாததுதான் காரணம்.

பலரும் சொல்லித் தரும் வழி, 'யூநேம் -ஆர்' கட்டளை காட்டும், இப்போது ஓடும் கர்னலின் எண்ணுக்குரிய ஹெடரை மட்டும் போடுவது. அன்றைக்குச் சரியாகிவிடும், அடுத்த கர்னல் வந்ததும் மறுபடி அதே கதை. 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64' என்ற பொதுவான பேக்கேஜைப் போட்டுவிட்டால், புதுக் கர்னலோடு அதன் ஹெடரும் சேர்ந்தே வரும். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். நெட் இல்லாமல் எப்படி இறக்குவது? ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி டெதரிங்கில் போட்டால் போதும், அதற்குத் தனி டிரைவர் வேண்டாம்.

ஹெடர் இருந்தும் கம்பைல் நின்றால், கம்பைல் விவரம் பதிவாகும் 'மேக்.லாக்' கோப்பைத் திறந்து, முதலில் வரும் எரரைப் படியுங்கள். கடைசி வரியில் ஒன்றும் கிடைக்காது. ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு கரண்ட் வந்து வந்து போன நாட்களில் அப்டேட் பாதியில் நின்று, மாட்யூல் அரைகுறையாகக் கிடந்தது. பாதியில் நின்ற பேக்கேஜ்களை முடித்து வைக்கும் 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' கட்டளை கொடுத்து, டிகேஎம்எஸ்ஸில் அந்த டிரைவரை நீக்கி மறுபடி சேர்த்ததும் எழுந்துகொண்டது.

செக்யூர் பூட் (கையொப்பம் சரிபார்த்தே மென்பொருளை ஏற்றும் பாதுகாப்பு) உள்ள கணினியில், கம்பைல் ஆனாலும் அந்த மாட்யூலைக் கர்னல் ஏற்காது. 'மோக்யூட்டில்' கட்டளை மூலம், மாட்யூலுக்குக் கையொப்பமிடும் சாவியைப் பதிவு செய்துவிட்டு, ரீபூட்டில் வரும் நீலத் திரையில் உறுதி செய்ய வேண்டும். அந்தத் திரை சில நொடிதான் காத்திருக்கும், பக்கத்திலேயே இருங்கள்.

இப்போது டெபியன் 13, கர்னல் 6.12. டிரைவர் உள்ளேயே இருக்கிறது, ரியல்டெக் ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஏற்றப்படும் மென்பொருள்) பேக்கேஜ் மட்டும் போதும். டிகேஎம்எஸ் நம்பகமான கருவிதான், என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன். வைஃபைக்கு மட்டும், கர்னலிலேயே ஆதரவு உள்ள சிப்பாகப் பார்த்து வாங்குவதே மேல். கர்னலின் டிரைவருக்கு மாறும்போது, பழைய டிரைவர் 'மோட்ப்ரோப்.டி' ஃபோல்டரில் விட்டுப்போன பிளாக்லிஸ்ட் (ஏற்றக்கூடாத மாட்யூல்களின் பட்டியல்) கோப்பையும் தேடி அழித்துவிடுங்கள். அது கிடந்தால் கர்னலின் சொந்த டிரைவர் தானாக ஏறாது.