தகர டப்பாவா, மடங்கும் பையா? போர்க்கள உணவுக்கு ஏற்ற உறை எது

உணவைக் கண்ணாடிப் புட்டியில் காற்றுப்புகாமல் அடைத்துக் கொதிநீரில் சூடேற்றிக் கெடாமல் வைக்கும் முறைக்காக நிக்கோலா அப்பேர் 1810-இல் பிரெஞ்சு அரசிடம் 12,000 பிராங்க் பரிசு பெற்றார். கண்ணாடி உடையக்கூடியது, அதே ஆண்டிலேயே இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் தகரக் கலனுக்குக் காப்புரிமை பெற்றுவிட்டதால், இந்தப் போட்டியில் அதைப் பற்றி மேலும் பேச வேண்டியதில்லை.

தகரத்தின் பலம் அதன் முரட்டுத்தனம். வீசி எறியலாம், நேரே நெருப்பில் வைக்கலாம், காலியானபின் குவளையாகவும் பயன்படுத்தலாம். ஆனால் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரர்களுக்கு வழங்கப்பட்ட ‘சி’ ரேஷன் எனும் உணவுப் பொதியில் ஒருநாள் உணவே ஆறு டப்பாக்கள்: மூன்றில் இறைச்சிக் கலவை, மூன்றில் ரொட்டி வகைகள். அத்தனையையும் முதுகில் சுமந்து நடந்தவருக்கு எடையும் சலசலப்பும் உணவைவிடப் பெரிய கவலை. திறப்பதற்கும் ஒரு கருவி தேவைப்பட்டது. ‘பி-38’ எனும் கட்டைவிரல் அளவேயான மடக்குத் திறப்பானைப் பலர் அடையாளத் தகட்டுச் சங்கிலியிலேயே கோத்துக்கொண்டனர். (டப்பா வந்து பல பத்தாண்டுகள் கழித்தே திறப்பான் வந்தது; அதுவரை உளியும் சுத்தியலும்தான்.)

அதே போரில் வந்த மற்றோர் உணவுப் பொதியான ‘கே’ ரேஷனின் மெழுகு பூசிய அட்டைப்பெட்டியை எரித்துக் காபி சூடாக்க முடிந்தது என்றாலும், உள்ளே இறைச்சி இருந்தது சிறு டப்பாவில்தான்.

1981-இல் அமெரிக்கப் படையில் புழக்கத்துக்கு வந்த, சமைக்காமலே உண்ணத்தக்க எம்.ஆர்.இ. உணவில்தான் தகரம் முழுதாக விலகியது. பிளாஸ்டிக் படலங்களுக்கு நடுவே அலுமினியத் தாளை வைத்து ஒட்டிய, உணவை உள்ளே அடைத்தபின் உயர்வெப்பத்தில் வேகவைக்கத்தக்க ரிட்டார்ட் பை அதன் இடத்தைப் பிடித்தது. எடைக் குறைவைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். என் கணிப்பில் அதைவிடப் பெரிய ஆதாயம் வேகும் விதத்தில் இருக்கிறது. உருளை வடிவ டப்பாவின் மையம் கிருமிகள் அழியும் வெப்பத்தை எட்டுவதற்குள் ஓரத்து உணவு குழைந்துவிடும். தட்டையான பையிலோ வெப்பம் நடுப்பகுதியை விரைவில் சென்றடைவதால், சுவையும் பதமும் ஓரளவு தப்புகின்றன. கையாலேயே கிழித்துத் திறக்கலாம், குளிரில் சட்டைக்குள் வைத்து உடற்சூட்டிலேயே இளக்கலாம்.

பையின் குறைகளும் சிறியவை அல்ல. கூரான பொருள் குத்தினால் ஏற்படும் ஊசித்துளை கண்ணுக்கே தெரியாது. நெருப்பில் நேரடியாக வைக்கவும் இயலாது. அதனால்தான் 1990-களில் தண்ணீர் பட்டதும் சூடாகும் மெக்னீசிய வெப்பமூட்டியை ஒவ்வொரு உணவுடனும் சேர்க்க வேண்டியதாயிற்று. பையைக் காக்க அட்டை உறை, அதற்கு மேல் தடித்த வெளிப்பை என்று அடுக்குகள் கூடியதால், பல வீரர்கள் புறப்படும் முன்பே பொட்டலத்தைப் பிரித்து அட்டைகளைக் கழித்துவிட்டு, தேவையானதை மட்டும் மூட்டையில் திணித்துக்கொள்கின்றனர். அப்படிக் கழித்தபிறகும் பைதான் இலகுவானது. நடந்து செல்லும் படைக்கு நான் அதையே பரிந்துரைப்பேன், வண்டியில் ஏற்றிச் சென்று முகாமில் சமைப்பதற்குத் தகரமே போதும்.